ஓரத்தில் சிவப்பு மை

1974இல் உயர்தர வகுப்பில் இந்திய வரலாறு எடுத்தவர்கள் நாங்கள் ஒன்பது பேர். பானிபட் 1526, 1556, தோடர்மாலின் நில அளவை, மன்சப்தாரி முறை என்று சோதனைக்கு வேண்டியதை எங்கள் வரலாற்றுச் சேர் கெதியாக முடித்துவிடுவார். மிச்ச நேரம் முழுக்க மொகலாயச் சித்திரங்கள்தான்.

நூலகத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்று கொண்டுவருவார். அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 1561, ஆக்ரா. இருபது வயதும் நிரம்பாத அக்பர் ஹவாய் என்ற மூர்க்கமான யானையின் மேல் இருந்து இன்னொரு யானையைத் துரத்துகிறார். யமுனையில் ஓடங்களைப் பிணைத்துக் கட்டிய பாலம் யானைகளின் பாரத்தில் நொறுங்குகிறது. அக்பரின் வெறுங்கால் யானையின் கழுத்துக் கயிற்றுக்குள் செருகியிருப்பதைச் சேர் விரலால் தொட்டுக் காட்டுவார்.

பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "சேர், இதைக் கீறினது ஆர்?"

சேர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். "இதிலை போடேல்லை தம்பி." அந்தப் பதில் அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பதினெட்டு வருடம் கழித்து, லண்டன் விக்ரோறியா அல்பேர்ட் நூதனசாலையில் அதே படத்தின் முன்னால் நின்றேன். அக்பரின் ஆட்சி வரலாறான அக்பர்நாமாவின் 116 ஓவியங்கள் 1896 முதல் அங்கே இருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நிறங்களை நம்ப முடியவில்லை. ஆனால் என்னை அசையவிடாமல் வைத்திருந்தது படத்தின் கீழோரம். சிவப்பு மையில் சிறிய பாரசீக எழுத்து. அது என்னவென்று விளக்க அட்டை சொன்னது: உருவம் அமைத்தவர் பசாவன், நிறம் தீட்டியவர் சேதர். எங்கள் புத்தகத்தை அச்சடித்தவர்கள் ஓரத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் போட்டிருந்தார்கள். சேர் தேடிய பதில் வெட்டுப்பட்ட அந்த ஓரத்தில் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து அந்தப் பெயர்களின் பின்னால் திரிகிறேன். அக்பரின் தந்தை ஹுமாயூன் 1540இல் அரசை இழந்து பாரசீகத்தில் தஞ்சம் புகுந்தவர். மீர் சையத் அலி, அப்துல் சமத் என்ற இரு ஓவியர்கள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களின் கையின் கீழ் அக்பர் காலத்தில் பெரியதொரு பட்டறை வளர்ந்தது. அமீர் ஹம்சாவின் வீரக்கதைகளைச் சொல்லும் ஹம்சாநாமாவுக்கென்று துணியில் சுமார் 1,400 பெரிய ஓவியங்கள். முடிக்கப் பதினைந்து வருடமளவில் எடுத்தது. அங்கே வேலை செய்தவர்களில் மிகப் பலர் இந்துக்கள். பாரசீகக் கலை இந்தியாவுக்கு வந்தது என்று நாங்கள் சோதனையில் எழுதியது பாதி உண்மைதான். பசாவன் வரைந்த யானையின் பாரம், ஓடக்காரர் தண்ணீருக்குள் சரியும் பதற்றம், இவை இந்த மண்ணில் யானையையும் ஆற்றையும் கண்டு வளர்ந்தவனின் கையிலிருந்து வந்தவை.

அவர்களில் தஸ்வந்தை நினைத்தால் நெஞ்சு கனக்கும். பல்லக்குத் தூக்குபவரின் மகன். சுவர்களில் கீறித் திரிந்த பையனை அக்பர் கண்டு அப்துல் சமத்திடம் ஒப்படைத்தார் என்று அக்பரின் அரசவை வரலாற்றாசிரியர் அபுல் பசல் எழுதுகிறார். அக்பர் 1582இல் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்க்கச் சொன்னார். பிராமணப் பண்டிதர்கள் பொருள் சொல்ல அரண்மனை அறிஞர்கள் எழுதினார்கள். ரஸ்ம்நாமா என்ற அந்த நூலின் பல படங்களைத் தஸ்வந்த் அமைத்தார். மனம் கலங்கி 1584இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பஞ்சபாண்டவர் கதையைக் கோயில் திண்ணையில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் அன்று சொல்லவில்லை.

ஆக்ராவுக்கும் ஒருமுறை போனேன். தாஜ்மகாலில் மும்தாஜின் கல்லறை மண்டபத்துக்குள் திருக்குர்ஆன் வசனங்களின் முடிவில் எழுத்துக் கலைஞர் அமானத் கான் தன் பெயரைப் பொறித்திருக்கிறார். வசனம் மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியவர் அவர். கீழே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். கல் அரிந்தவர்கள் விட்டுப்போனது நட்சத்திரம், முக்கோணம் போன்ற சிறு குறிகளை மட்டும்.

லண்டனில் அந்தப் படத்தைப் பார்த்த அன்றிரவே சேருக்கு எழுதினேன். கடிதம் ஊருக்குப் போய்ச் சேர மாதக்கணக்காகும் காலம் அது. பதிலில் சுகம் விசாரித்த பின் ஒரு கேள்வி: "சில தாள்களில் முகங்களை மட்டும் மூன்றாவது ஆள் வரைந்திருக்கிறானாம். எங்கடை படத்திலை அப்படி ஒரு பேர் இருக்கோ, வடிவாய்ப் பார்."

திரும்பப் போனேன். வெளிச்சத்தில் நிறம் மங்கும் என்பதால் தாள்களை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். பெட்டிக்குள் வேறொரு படம் இருந்தது. விசாரித்து, நாள் கேட்டு, மூன்றாம் முறை போய்த்தான் அதை மறுபடி கண்டேன். சிவப்பு மையின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அங்கிருந்த ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"இரண்டு பேர்தான் சேர்" என்று எழுதி அனுப்பினேன்.