ஆறு மாத மொரட்டோரியமும் ஐந்து வருடம் கழித்து வந்த அபராதமும்

என் பெர்சனல் லோனுக்கு ஒருவழியாக நோ டியூ சர்டிஃபிகேட் (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) கைக்கு வந்துவிட்டது. 2020 கொரோனா நேரத்தில் ரிசர்வ் வங்கி அறிவித்த மொரட்டோரியத்தின், அதாவது மாதத் தவணையைத் தள்ளிவைக்கும் சலுகையின், மிச்சக் கணக்கு அதுவரை என்னை விடவில்லை. நாளைக்கு வெள்ளமோ ஊரடங்கோ வந்து இதே மாதிரி ஒரு சலுகை அறிவித்தால், நம் பக்கத்து ஆட்கள் யாரும் நான் பட்ட பாட்டைப் படக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தங்கை கல்யாணத்துக்காக 2019 ஆகஸ்டில் ஒரு தனியார் ஃபைனான்ஸ் கம்பெனியில் 3 லட்சம் வாங்கினேன். 15 சதவீத வட்டி, 60 தவணை, மாதம் 7,137 ரூபாய். 2020 மார்ச்சில் கடையை மூடினார்கள், சம்பளமும் நின்றது. 27ஆம் தேதி மார்ச் முதல் மே வரை மூன்று மாதத்துக்கு மொரட்டோரியம் அறிவித்ததும் ஆன்லைனில் விண்ணப்பித்தேன். மே வரைக்கும் பிரச்சினை இல்லை.

மே 22ஆம் தேதி சலுகையை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். கஸ்டமர் கேரில் கேட்டபோது, “ஆட்டோமேட்டிக்கா கன்டினியூ ஆகிடும் மேடம், நீங்க எதுவும் பண்ண வேணாம்” என்றார் அந்தப் பையன். போனை வைத்த கையோடு, “இன்ன தேதியில் உங்கள் ஊழியர் இப்படிச் சொன்னார், எனக்கு ஆகஸ்ட் வரை மொரட்டோரியம் வேண்டும்” என்று ஒரு மெயிலும் அனுப்பி வைத்தேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த மெயில்தான்.

ஆனால் ஜூன் 5ஆம் தேதி இ.சி.எஸ். (வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் முறை) போட்டுவிட்டார்கள். கணக்கில் பணம் இல்லாததால் பவுன்ஸ் ஆனது. கம்பெனி 590 ரூபாய் அபராதம் போட்டது, என் வங்கி தன் பங்குக்குத் தனியாகப் பிடித்தது. அப்புறம் வசூல்காரர்களின் போன், ராத்திரி பத்து மணிக்குக்கூட. அப்போது சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று அதிகம். எங்கள் தெரு முனையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள், 19ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு வேறு. கிளைக்கு நேரில் போய்க் கேட்க வழியே இல்லை. போனில் பேசினால், “உங்க ரிக்வெஸ்ட் முதல் மூணு மாசத்துக்குத்தான்” என்று ஒரே பதில். பழைய மெயிலை இணைத்து மறுபடி மறுபடி அனுப்பிய பிறகுதான் ஜூனையும் சலுகையில் சேர்த்தார்கள். அபராதத்தைக் கேட்டதற்கு, “ரிவர்ஸ் ஆகிடும்” என்று வாய்வார்த்தையோடு சரி.

இன்னொன்றை அன்றைக்கு யாருமே விளக்கிச் சொல்லவில்லை. தவணையைத்தான் தள்ளிவைத்தார்கள், வட்டி ஒரு நாளும் நிற்கவில்லை. எனக்கு அசல் பாக்கி அப்போது சுமார் 2,79,000. ஆறு மாத வட்டி மட்டும் 21,000 ரூபாய்க்கு மேல் ஏறி அசலோடு சேர்ந்தது. மீதி 54 தவணை 60 ஆனது. அதாவது ஆறு தவணை கட்டாமல் இருந்ததற்கு ஆறு தவணை கூடுதல், ஏறக்குறைய 42,800 ரூபாய். கடன் வாங்கிய புதிதில் வட்டிப் பங்கு அதிகம் என்பதால் இப்படி அடிக்கிறது. முடியும் தறுவாயில் இருக்கும் கடனுக்கு இவ்வளவு வராது. எனக்கு அன்றைக்கு வேறு வழியில்லை, வீட்டில் அரிசிக்குக் காசு வேண்டியிருந்தது. பாதித் தவணையாவது கட்ட முடிகிறவர்கள் இந்தக் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு முடிவு செய்யுங்கள்.

வட்டிக்கு வட்டி கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, 2 கோடி வரையிலான கடன்களுக்கு அப்படி வட்டிக்கு வட்டியாகக் கூடிய தொகையை மட்டும் மத்திய அரசே தருவதாக 2020 அக்டோபரில் அறிவித்தது. நவம்பரில் என் கணக்கில் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் வரவு வைத்தார்கள்.

2025 ஆகஸ்டில் கடைசித் தவணையும் போனது. நோ டியூ கேட்டால், 4,000 ரூபாய்க்கு மேல் பாக்கி என்கிறார்கள்! அந்தப் பழைய 590 ரூபாயும் அதன் மேல் ஐந்து வருட அபராதமும். எங்கள் பக்கத்துக் கிளையில் இருந்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், “ஃபைல் கிண்டி ஆபீஸ்ல இருக்கு, அங்க போங்க” என்றார். அரை நாள் லீவு போட்டு, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறிக் கிண்டிக்குப் போனால், “இங்க எதுவும் பண்ண முடியாது, மெயில் போடுங்க” என்றார்கள். வயிறு எரிந்தது.

சரி என்று, கம்பெனியின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு 2020 மெயில்களை எல்லாம் இணைத்து எழுதினேன். 30 நாள் ஆகியும் பதில் இல்லை. ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகார்களைத் தீர்க்கும் நடுவர்) சி.எம்.எஸ். என்ற ஆன்லைன் புகார் தளம் வழியாகப் புகார் பதிந்தேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. முதலில் கம்பெனியிடம் புகார் கொடுத்து 30 நாள் காத்திருந்ததற்கு ஆதாரம் மட்டும் வேண்டும், அது இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நடுவர் முடிவு சொல்லும் வரைக்கும்கூடப் போகவில்லை. ஐந்து வருடமாகப் பதில் சொல்லாதவர்கள் தாங்களே கூப்பிட்டார்கள், “மொத்தத்தையும் வேவ் பண்ணிட்டோம் மேடம்” என்று. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

நோ டியூ வந்த அன்றே என் வங்கிக்குப் போய் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்திருந்த இ.சி.எஸ். மாண்டேட்டையும் (பணம் பிடிக்கும் அனுமதி) ரத்து செய்து, சீல் வைத்த நகலை வாங்கிக்கொண்டேன். கடன் முடிந்தவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.