டீச்சர், என் பொண்ணு படம் வேண்டாம்

இந்தக் கல்வியாண்டில் எங்கள் பள்ளி ஆண்டு மலர்ப் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் தமிழாசிரியை. கதை, கவிதை திருத்துவதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் மதிய இடைவேளையில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா வந்தார். (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "டீச்சர், மலர்ல எங்க பொண்ணு படமும் பேரும் வராம பாத்துக்குங்க" என்றார். காரணத்தைச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. கணவரின் அடி தாங்காமல் ஊர் மாறி வந்தவர்கள். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது.

அன்று சாயங்காலம் பழைய மலர்களைப் புரட்டினேன். பன்னிரண்டாம் வகுப்புப் பக்கங்களில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, அப்பாவின் கைப்பேசி எண். பிரிந்த பிறகு தோழிகள் கடிதம் போட்டுக்கொள்ள உதவிய வழக்கம் அது. அப்போது மலர் வீட்டு அலமாரியோடு நின்றது. இப்போது பிடிஎஃப் ஆக்கி இணையதளத்தில் ஏற்றுகிறோம். பெயரைத் தட்டினால் யாருக்கும் கிடைக்கும்.

அதைவிட என்னை உறுத்தியது 'உதவித்தொகை பெற்றவர்கள்' பக்கம். ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகை என்று தலைப்புப் போட்டு அதன் கீழே பெயர்களை அடுக்கினால், அந்தப் பிள்ளைகளின் சாதியை அச்சடித்து வகுப்பு முழுக்கக் கொடுத்தது போலத்தானே? பெருமைக்காகத்தான் போட்டிருக்கிறார்கள், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்தேன்.

தலைமையாசிரியை தயங்கினார். "இத்தனை வருஷமா இப்படித்தானேம்மா போடுறோம்?" 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னேன். 18 வயது நிரம்பாத எல்லோரும் அதில் குழந்தைகள்தான். அவர்கள் தகவலைக் கையாள பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, முழுதாக நடைமுறைக்கு வரத்தான் அவகாசம் இருக்கிறது. கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு அவர் கதையைச் சொன்ன பிறகுதான் "சரி, செய்யுங்க" என்றார்.

முதலில் அனுப்பிய படிவத்தில் 'சம்மதம்' என்று ஒரே ஒரு வரி. படிக்காமலேயே எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள், சில கையெழுத்து பிள்ளைகள் போட்டதே. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். அச்சு மலரில் படம் வரலாமா, பெயர் வரலாமா, இணையத்தில் ஏற்றலாமா என்று மூன்று தனித்தனிக் கேள்விகள். பதில் வராவிட்டால் 'வேண்டாம்' என்றே எடுத்துக்கொள்வோம் என்றும் எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். 'அச்சில் சரி, இணையத்தில் வேண்டாம்' என்று நிறையப் பேர் குறித்திருந்ததால், இணையதளத்தில் மலரையே ஏற்றவில்லை.

வகுப்புப் படத்துக்குத்தான் வழி தெரியாமல் தவித்தேன். படம் எடுக்கும்போது ஒருத்தியை மட்டும் தள்ளி நிற்கச் சொன்னால், "ஏன்டி நீ வரல?" என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவள் என்ன சொல்வாள்? கடைசியில் எட்டாம் வகுப்பு இரண்டு பிரிவுக்கும் குழுப்படமே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பள்ளியில் பிடித்த இடத்தை ஆளுக்கு ஒரு சின்ன அட்டையில் வரையச் சொல்லி, பெயர் இல்லாமல் இரண்டு பக்கம் நிறைய அடுக்கினோம். சில பெற்றோருக்கு வருத்தம்தான். அவர்களுக்கு முழுக் காரணத்தையும் சொல்ல முடியவில்லை.

அச்சகத்தில் படங்களை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார்கள். கோப்புப் பெயரிலேயே மாணவியின் பெயரும் வரிசை எண்ணும் இருந்தன. எல்லாவற்றையும் வெறும் எண்ணாக மாற்றி, பென் டிரைவில் நானே கொண்டுபோனேன். ப்ரூஃப் தாள்கள் என்ன ஆகும் என்று கேட்டேன். "பழைய பேப்பர் கடைக்குப் போயிடும் மேடம்" என்றார்கள். ஒரு கட்டு பாக்கி விடாமல் வாங்கி வந்து, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கிழித்தோம்.

ஆண்டு விழா அன்று அந்த அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் மலரை அவர் மடியில் விரித்து, மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் அட்டையைத் தொட்டுக் காட்டினாள். தண்ணீர்த் தொட்டி, சொட்டும் குழாய், கீழே தண்ணீர் குடிக்கும் ஒரு காக்கை.