போடாத கேஸுக்கு வாய்தா

வக்கீல் மீது எங்கே புகார் கொடுப்பது என்று எங்கள் ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். போலீஸ் ஸ்டேஷன் என்பார் ஒருவர், வக்கீல் சங்கம் என்பார் இன்னொருவர், ஜட்ஜ் ஐயாவிடமே மனு கொடுங்கள் என்பார் மூன்றாமவர். நான் எல்லா இடத்துக்கும் போய்ப் பார்த்தேன். ஸ்டேஷனில் “இது சிவில் விவகாரம்” என்றார்கள். சங்கத்தில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சங்கம் என்பது வக்கீல்கள் தங்களுக்காக வைத்திருக்கும் அமைப்பு. யாருடைய தொழில் உரிமையையும் அது தொட முடியாது. அந்த அதிகாரம் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலுக்கு இருக்கிறது. நமக்கு அது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். நுகர்வோர் கோர்ட் வழியும் அடைபட்டுவிட்டது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

விஷயம் இதுதான். தெரிந்தவர் ஒருவருக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு 6 லட்சம் ரூபாய் கொடுத்திருந்தேன். திரும்பி வரவில்லை. புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருடம்தான் கெடு. அதற்குள் கேஸ் போட்டாக வேண்டும். கெடு முடிய மாதங்கள் இருக்கும்போதே ஒரு வக்கீலிடம் அசல் நோட்டைக் கொடுத்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். கோர்ட் ஃபீஸ் என்று 45,000 ரூபாய் கேட்டார், கூகுள் பேயில் அனுப்பினேன். 6 லட்சத்துக்கு அது ஏழரை சதவீதக் கணக்கு. தமிழ்நாட்டில் 2017-லேயே கோர்ட் ஃபீஸை 3 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள் என்பதும், நியாயப்படி 18,000 ரூபாய்தான் ஆகியிருக்கும் என்பதும் பிறகு தெரிந்தது. அந்த 18,000-மும் கோர்ட்டுக்குப் போகவில்லை என்பது அதற்கும் பிறகு.

“கேஸ் நம்பர் ஆயிடுச்சு சார்” என்று வாட்ஸ்அப்பில் ஓ.எஸ். நம்பர், அதாவது சிவில் வழக்கின் எண், அனுப்பினார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தைய நாள் “நாளைக்கு நம்ம கேஸ், நீங்க வர வேண்டியதில்லை” என்று செய்தி வரும். மறுநாள் சாயங்காலம் அடுத்த தேதி வரும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. என் தங்கை மகன் வழக்கு விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தான். அது வேறு யாரோ அண்ணன் தம்பிகளுக்குள் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு. அதற்குள் என் நோட்டுக்குக் கெடு முடிந்திருந்தது.

பார் கவுன்சிலுக்குப் புகார் எழுத உதவியவர் என் தாய்மாமாவின் நண்பர், கோர்ட்டில் தலைமை எழுத்தரான சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எழுதிக் கொண்டுபோனதில் வக்கீல் எதிர்த்தரப்போடு கைகோத்துவிட்டார், குடிப்பார், இன்னும் பலரை ஏமாற்றியிருக்கிறார் என்று எல்லாமே இருந்தது. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியிலும் “இதுக்கு என்ன காகிதம் இருக்கு தம்பி?” என்று கேட்டார். இல்லை என்றால் அடித்துவிடுவார். மிஞ்சியது மூன்றே குற்றச்சாட்டு: கோர்ட் ஃபீஸ் வாங்கிக்கொண்டு வழக்குப் போடவில்லை, பொய் நம்பரும் பொய் வாய்தாவும் கொடுத்தார், அசல் நோட்டைத் திருப்பித் தரவில்லை. இந்த நடவடிக்கை கிட்டத்தட்ட கிரிமினல் கேஸ் மாதிரி. ஒருவருடைய பிழைப்பில் கை வைக்கிறார்கள், அதனால் ஆதாரம் கெட்டியாக இல்லாவிட்டால் தள்ளிவிடுவார்கள் என்றார். மூன்றாவது குற்றச்சாட்டுக்கு அவரே ஒரு தீர்ப்பை எடுத்துக் கொடுத்தார். 2000-ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கில், ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்சிக்காரருடைய வழக்குக் காகிதக் கட்டை வக்கீல் பிடித்து வைக்கக் கூடாது, அது தொழில்முறைத் தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

புகார் மனு வடிவில் இருக்க வேண்டும். சிவில் வழக்கின் பிராது மாதிரி கடைசியில் சரிபார்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆங்கிலம் கட்டாயமில்லை, தமிழிலேயே கொடுக்கலாம். நான் தமிழில்தான் கொடுத்தேன். கட்டணமும் உண்டு. வக்கீலின் பதிவு எண்ணையும் போட்டேன். அது வக்காலத்திலேயே இருந்தது, கையெழுத்துப் போட்ட அன்று போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். இணைத்த காகிதங்களில் முக்கியமானவை மூன்று. ஒன்று, பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட். அனுப்பும்போது குறிப்பில் ‘கோர்ட் ஃபீஸ்’ என்று தட்டியிருந்தேன். இரண்டு, அந்தப் பாகப்பிரிவினை வழக்கின் சான்றிட்ட நகல். மூன்றாம் நபராக நகல் மனு போட்டு வாங்கினேன். மூன்று, வாட்ஸ்அப் செய்திகளின் பிரின்ட். ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே கொடுத்தால் போதாது, புதிய சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவுப்படி சான்று சேர்க்க வேண்டும் என்றார் சிரஸ்தார். அதில் ஒரு பாகத்தில் நாம் கையெழுத்துப் போட வேண்டும், இன்னொன்றில் கம்ப்யூட்டர் விவரம் தெரிந்த நிபுணர் போட வேண்டும்.

கொடுத்தவுடன் விசாரணை வந்துவிடாது. முதலில் அந்த வக்கீலிடம் விளக்கம் கேட்கிறார்கள். முகாந்திரம் இருப்பதாகக் கவுன்சில் கருதினால்தான் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். குழுவில் 3 பேர்: இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட வக்கீல். ஆட்களை வரவழைக்க, சத்தியம் வாங்கி விசாரிக்க, ஆவணம் கேட்க சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் இவர்களுக்கும் உண்டு. மாநில அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரலுக்கும் நோட்டீஸ் போகும். வக்கீல்களை வக்கீல்களே விசாரிப்பதா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் கோர்ட் தெரியாதவர் யாரும் அந்த வாட்ஸ்அப் தேதிகளைப் பிடித்திருக்க மாட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வக்கீலின் பதில் மனுவில், நான் அவருடைய கட்சிக்காரனே இல்லை, 45,000 ரூபாய் ஆலோசனைக் கட்டணம் என்று இருந்தது. அதே ஆள் நான் நோட்டைக் கேட்டபோது “பாக்கி ஃபீஸ் செட்டில் பண்ணிட்டு நோட்டை வாங்கிக்கோங்க” என்று செய்தி அனுப்பியிருந்தார். கட்சிக்காரன் இல்லாதவனுடைய அசல் நோட்டு இவரிடம் எப்படி வந்தது?

எனக்காக ஆஜராக உள்ளூர் வக்கீல்கள் தயங்கினார்கள். முகத்துக்கு நேரே மறுக்கவில்லை, “பார்க்கலாம்” என்றார்கள். சரி, நாமே போவோம் என்று முடிவு செய்தேன். நேரில் ஆஜராக விதியில் இடம் இருக்கிறது. அவர் தரப்பில் வக்காலத்து மாறியது, உடம்பு சரியில்லை என்றார்கள், தேதிகள் தள்ளிப்போயின. சட்டத்தில் 36பி என்று ஒரு பிரிவு இருக்கிறது: புகார் வந்து ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் வழக்குக் கட்டு டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். இந்த ஓராண்டுக் கெடுவைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் குறிப்பிட்டு ஒரு சிறு மனு கொடுத்தேன். அப்புறம் தேதிகள் நெருக்கமாக வந்தன.

குறுக்கு விசாரணையில் அவருடைய வக்கீல் என்னிடம், வட்டிக்கு விட லைசென்ஸ் இருக்கிறதா, வருமான வரி கட்டினீர்களா என்றெல்லாம் கேட்டார். குழுத் தலைவர் “புகாருக்கு வாங்க” என்று நிறுத்தினார். பிறகு நான் புகார் கொடுத்த வக்கீல் கூண்டுக்கு வந்தார். அந்த நம்பர் குமாஸ்தா அனுப்பியது, ஓர் இலக்கம் தவறி டைப் ஆகிவிட்டது என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு மேலே என்ன கேட்பது என்று தெரியவில்லை. அப்போது குழுவில் வயதில் மூத்தவர் சான்றிட்ட நகலைப் பிரித்தார். அதில் இருந்த வாய்தா தேதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார், என் வாட்ஸ்அப் பிரின்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போயின. “நம்பர் தப்பு, சரி. தேதியும் எல்லாத் தடவையும் தப்பா டைப் ஆச்சா?” என்றார். யாரோ ஒருவருடைய பாகப்பிரிவினை வழக்கை எனக்காக மாதக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார் மனுஷன். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போதும், என் கேஸைப் போட்டிருக்கலாம்.

அந்த வாரமே பொதுவான நண்பர் ஒருவர் வழியாகச் சமாதானம் வந்தது. 45,000-த்தோடு இன்னும் ஒரு லட்சம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள். மாமா “வர்றதை வாங்கிக்கோடா” என்றார். சிரஸ்தார் விதியைக் காட்டினார்: சமாதானம் ஆகிவிட்டது, புகார்தாரர் நடத்த விரும்பவில்லை என்பதற்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது. பணத்தை வாங்கிக்கொள்கிறேன், வாபஸில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அதோடு பேச்சு நின்றுபோனது.

இந்த வழிக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். குழுவால் முடிந்தது புகாரைத் தள்ளுவது, கண்டிப்பது, குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை விதிப்பது, பட்டியலிலிருந்தே பெயரை நீக்குவது. செலவுத்தொகை போடலாம். நஷ்டஈடு கிடையாது. என் 6 லட்சம் இங்கே வராது என்று முதல் நாளே சிரஸ்தார் சொல்லிவிட்டதால் எனக்கு ஏமாற்றம் இல்லை.

அந்த வக்கீலுக்கு ஓராண்டு தடை விதித்தார்கள். தடைக்காலத்தில் இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் ஆஜராக முடியாது. அசல் புரோநோட்டை விசாரணையின்போதே குழு முன்னால் கொடுத்துவிட்டார். முத்திரை ஒட்டி, கையெழுத்தெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, கடன் வாங்கியவர் மீதுதான் இனி அதை வைத்து வழக்குப் போட முடியாது.

இத்தகைய உத்தரவை எதிர்த்து 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலில் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார், நோட்டீஸ் எனக்கும் வந்தது. மேல்முறையீடு போட்டதாலேயே தடை உத்தரவு நின்றுவிடாது, அதை நிறுத்திவைக்கத் தனியாக இடைக்கால உத்தரவு வாங்க வேண்டும். அவர் கேட்டிருக்கிறார், நான் ஆட்சேபணை போட்டிருக்கிறேன். கவனக்குறைவுக்கு நஷ்டஈடு கேட்டு அவர் மீது ஒரு சிவில் வழக்கும் போட்டிருக்கிறேன், பக்கத்து மாவட்டத்து வக்கீல் அம்மா ஒருவர் நடத்துகிறார். வழக்கு நம்பரான அன்றே நான் கேட்காமலேயே வழக்கின் அடையாளமான 16 இலக்கச் சி.என்.ஆர். எண்ணை அனுப்பினார். இ-கோர்ட்ஸில் போட்டுப் பார்த்தேன், என் பெயர்தான் வந்தது.