தேர்வு நடத்துபவர்களின் சங்கத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன்

கலிஃபோர்னியாவில் ஒரு கவுன்ட்டி (மாவட்டம் போன்றது) அரசின் மனிதவளத் துறையில், தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தீயணைப்பு வீரர், சமூகப் பணியாளர், அலுவலக உதவியாளர் என்று எந்தப் பதவிக்கு ஆள் எடுத்தாலும் கேள்வித்தாள் தயாரிப்பதும் நேர்காணல் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. உளவியல் முதுகலை முடித்துவிட்டு இந்த வேலைக்கு வருபவர்கள் உண்டு. ஆனாலும் இதன் நெளிவு சுளிவுகளை அனுபவப்பட்டவர்களிடம்தான் கற்க முடியும். அவர்களைத் தேடிப் போகும் இடம் சங்கம். நாட்டளவில் ஐபாக் எனப்படும் இன்டர்நேஷனல் பெர்சனெல் அசெஸ்மென்ட் கவுன்சில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் தெற்குக்கும் வடக்குக்கும் தனித்தனியாகப் பெர்சனெல் டெஸ்டிங் கவுன்சில்கள் இருக்கின்றன. நான் சேர்ந்ததும் இந்த வகையில் ஒரு சங்கம்தான்.

உறுப்பினர் ஆனதும் செய்திமடல் வரத் தொடங்கியது. யார் எந்த நகராட்சிக்கு மாறினார், அடுத்த வெபினார் எப்போது என்பதெல்லாம் முதல் பக்கத்தில் இருக்கும். நான் தேடிப் படித்தது வழக்குச் செய்திகளை. எங்கள் தொழிலின் வடிவமே நீதிமன்றத்தில் உருவானது. வட கரோலினாவின் டியூக் பவர் நிறுவனத்தில், கூலி வேலைப் பிரிவைத் தாண்டிப் போக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் திறன் தேர்வுகளும் கேட்டார்கள். அதனால் கறுப்பினத் தொழிலாளர்கள் அங்கேயே தேங்கினார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத தேர்வை வைத்து இப்படி ஒதுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1971-இல் சொன்னது. 1978-இல் வந்த அரசின் வழிகாட்டு நெறிகள் ஐந்தில் நான்கு என்ற கணக்கைக் கொடுத்தன: ஒரு பிரிவினரின் தேர்ச்சி விகிதம், அதிகம் தேறிய பிரிவின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்காவது, அதாவது 80 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆண்களில் 100-க்கு 60 பேரும் பெண்களில் 100-க்கு 40 பேரும் தேறினால் விகிதம் 67 சதவீதம். அது 80-க்குக் கீழே இருப்பதால் அந்தத் தேர்வு கேள்விக்கு உள்ளாகும். சரி, அப்படியானால் முடிவையே ரத்து செய்துவிடலாமா? தீயணைப்புத் துறைப் பதவி உயர்வுத் தேர்வில் நியூ ஹேவன் நகரம் அதைத்தான் செய்தது. அதுவும் சட்டமீறல் என்று 2009-இல் தீர்ப்பு வந்தது. ஆக, தேர்வை முதலிலேயே ஒழுங்காக வடிவமைப்பது தவிர வேறு வழியில்லை.

மடலின் கடைசிப் பக்கத்தில் ‘தன்னார்வலர்கள் தேவை’ என்று ஒரு பகுதி வரும். மாநாட்டுப் பதிவு மேசை, வெபினார் ஏற்பாடு, செய்திமடல், மாநாட்டுக்கு வரும் கட்டுரைத் திட்டங்களை மதிப்பிடும் குழு. நான் மதிப்பீட்டுக் குழுவுக்குப் படிவம் அனுப்பினேன். படிவம் சின்னதுதான். எந்தத் தேர்வு முறையில் அனுபவம், மாதத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும், மேலதிகாரியின் சம்மதம் உண்டா, அவ்வளவே. அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. அரசு ஊழியர்கள் அலுவலக நேரத்தில் வெளி வேலை செய்ய எழுத்துமூல அனுமதி தேவைப்படலாம். தேர்வுத் தாள்களின் ரகசியம் காப்பது பற்றியும் எங்கள் அலுவலகத்தில் தனியாக ஒரு பேச்சு நடந்தது.

குழுவில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் கூட்டம். மாதிரிக்கு ஒரே கட்டுரைத் திட்டத்தை எல்லோருக்கும் கொடுத்துத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொன்னார்கள். நான் 4 போட்டேன், இன்னொருவர் 2. யார் சரி என்று யாரும் வாதாடவில்லை. “எந்த வரியைப் பார்த்து 4 போட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டார் குழுத் தலைவர். அந்தக் கேள்வி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நேர்காணல் குழுக்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பதும் இதே ஒழுக்கம்தானே: பொதுவான அபிப்பிராயம் வேண்டாம், சான்றைக் காட்டுங்கள். எழுதியவர் பெயரும் ஊரும் நீக்கப்பட்டிருந்ததால் பெரிய ஆள் என்ற மயக்கத்துக்கும் இடமில்லை.

குழுவுக்காகப் படித்த திட்டங்களில் ஒன்று, தேர்ச்சி மதிப்பெண்ணை எப்படி நிர்ணயிப்பது என்ற பயிலரங்குக்கானது. அந்த வேலையை நன்றாக அறிந்தவர்கள் கூடி உட்கார்ந்து, தகுதியின் விளிம்பில் நிற்கும் ஒருவரை மனதில் வைத்து, இந்தக் கேள்விக்கு அவர் சரியாக விடை சொல்ல எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொன்றாக மதிப்பிடுவார்கள். சராசரிதான் தேர்ச்சி எல்லைக்கு அடிப்படை. அங்காஃப் முறை என்பார்கள். எனக்குத் தெரிந்த முறைதான். ஆனால் நிபுணர்கள் முரண்படும்போது அந்த விவாதத்தை எப்படிப் பதிவு செய்து வைப்பது என்பதை அதில்தான் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தேன். தேர்வை எதிர்த்து யாராவது மேல்முறையீடு செய்தால் கையில் இருக்க வேண்டியது அந்தப் பதிவேடு.

அப்புறம், எங்கள் கவுன்ட்டியின் அடுத்த வாய்மொழித் தேர்வில், நேர்காணல் தொடங்கும் முன் மாதிரி விடைகளுக்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கும் ஒரு அமர்வைச் சேர்க்கக் கேட்டேன். மேலதிகாரி ஒப்புக்கொண்டார். இப்போது அது எங்கள் வழக்கமாகிவிட்டது. வேலை தேடி வந்து அந்த மேசைக்கு முன்னால் உட்காருபவருக்கு நாம் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

புதிதாகச் சேர்பவர்கள் மதிப்பீட்டுக் குழுவிலிருந்து தொடங்கலாம் என்பேன். வேலை சில வாரங்களில் முடியும், வீட்டிலிருந்தே செய்யலாம், கற்பது அதிகம். மாநாடு நெருங்கும்போது கேட்டால் இடம் இருக்காது. கட்டுரை அழைப்பு வெளியானதுமே எழுதிவிடுங்கள்.