ஸ்டால் பற்றி மாணவர்களிடம் நான் சொல்வது

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் நான் அதிகம் பேசுவது ஸ்டால் பற்றித்தான், அதாவது விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் இறக்கையின் விசை சட்டென்று குறைந்துபோவது. வேகம் குறைந்தால் ஸ்டால் ஆகும் என்று மனப்பாடம் செய்து வருகிறார்கள். உண்மையில், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை மீறும்போதுதான் ஸ்டால் ஆகிறது. அது எந்த வேகத்திலும் நடக்கலாம். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் இறக்கை தாங்கும் சுமை இரு மடங்காகும். நேராகப் பறக்கையில் 50 நாட் (knot, விமான வேகத்தின் அளவு) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், அப்போது சுமார் 71 நாட் வேகத்திலேயே ஆகிவிடும்.

தரையிறங்கும் முன் வரும் கடைசித் திருப்பம்தான் எனக்குப் பெரிய கவலை. ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டோமே என்ற பதற்றத்தில் ரடரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகையை) காலால் அழுத்தி, மூக்கையும் மேலே இழுத்தால், ஒரு பக்க இறக்கை முதலில் விழுந்து விமானம் சுழல ஆரம்பிக்கும். அந்த உயரத்தில் மீள்வதற்கு இடமே இருக்காது. தாண்டிவிட்டதா, சரி, முழு பவர் கொடுத்து ஏறி இன்னொரு சுற்று வாருங்கள். அப்படிச் செய்யும் மாணவரை நான் மனதாரப் பாராட்டுவேன்.

அப்புறம் எரிபொருள். கிளம்பும் முன் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சிறு விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோல் வெளிர் நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாமல் தனியாகத் தேங்கும். வடித்தது முழுக்கத் தண்ணீர் என்றால் பிரிகோடே தெரியாது, அதனால் நிறத்தையும் வாசனையையும் கவனியுங்கள். சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்ப வடியுங்கள். தண்ணீர் நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.