பலெர்மோவில் சொந்தக்காரர் இருந்தால்

மட்டக்களப்பில் இருந்து இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவுக்குச் சொந்தக்காரரிடம் போகிற நம்மவர்கள் பலரும் மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியா குகைக் கோயிலைக் கும்பிட்டதோடு சரி. நோர்மன் அரண்மனைக்குள் உள்ள பலட்டீனா சிற்றாலயத்தைத் தவற விடாதீர்கள். இரண்டாம் ரொஜர் மன்னர் கட்டுவித்தது. 1140 இல் அர்ச்சிக்கப்பட்டது. எல்லாரும் சுவரில் மின்னும் பொன் மொசைக்கைத்தான் படம் பிடிப்பார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள். மரக்கூரை முழுக்கத் தேன்கூடு போலக் குடைந்த அரபு வேலைப்பாடு. குழிக்குள் குழியாக வாத்தியம் வாசிக்கிறவர்கள், கிண்ணம் ஏந்தியவர்கள். உயரம் அதிகம், உருவங்களோ சின்னவை. பைனாகுலர் இல்லாவிட்டால் வெறும் நிறத்திட்டுதான் தெரியும். ஞாயிறு காலை பூசை நேரம், போகாதீர்கள். தோள் தெரியும் சட்டையென்றால் வாசலில் மறிக்கலாம், சால்வை ஒன்று இருக்கட்டும்.

பக்கத்து ஊரான மொன்ரியாலேயில் உள்ள பேராலயத்துக்கு அரண்மனைக்குப் பக்கத்துச் சதுக்கத்திலேயே பஸ். கடதாசி டிக்கெட்டை ஏறியதும் மெஷினில் பதியுங்கள். பதியாத டிக்கெட்டுக்கும் தண்டம்தான்.