உறைகுளிர் எதிர்பாராமல் வந்தால் முதலில் குழாயைப் பாருங்கள்

ஆண்டுதோறும் பனி கொட்டும் ஊர்களில் தண்ணீர்க் குழாய்களை மண்ணுக்குள் ஆழப் புதைத்திருப்பார்கள், அல்லது உட்சுவர் வழியே கொண்டுபோயிருப்பார்கள். எப்போதாவது ஒருமுறை மட்டும் கடுங்குளிர் வரும் ஊர்களில் அவை வெளிச்சுவரிலும் மொட்டை மாடியிலும் திறந்தே கிடக்கும். ஓர் ஊர் கண்டுகொள்ளாத மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் இன்னோர் ஊரைத் தண்ணீரின்றி நிறுத்திவிடுவதற்கு இதுதான் காரணம்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9% பெருக்கிறது. ஆனால் பனிக்கட்டி உண்டான இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று சொல்ல முடியாது. குழாய்க்குள் பனிக்கட்டி அடைப்பு வளர வளர, அதற்கும் மூடிய திருகுக் குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீர் நெருக்கப்படுகிறது. போக்கிடம் இல்லாததால் அழுத்தம் பல மடங்கு ஏறி, ஏதாவது ஓர் இணைப்போ வளைவோ பிளந்துகொள்கிறது. இரவு முழுக்க குழாயைச் சொட்டவிடச் சொல்வது இதற்காகத்தான். ஓடும் தண்ணீர் உறையவே உறையாது என்பதல்ல. அடைப்பு விழுந்தாலும் அழுத்தம் வெளியேற வழி இருக்கிறது என்பதுதான் முக்கியம். குளிர் படும் பகுதியைத் தாண்டி, கடைசியில் இருக்கும் குழாயைத் திறந்து வையுங்கள். வெந்நீர் லைன், குளிர்நீர் லைன் இரண்டுமே சொட்ட வேண்டும். வெந்நீர் லைனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கீழே ஒரு வாளி வைத்தால் தண்ணீர் வீணாகாது.

குழாய்மேல் உறை சுற்றுவது நல்லதுதான், ஆனால் அது சூட்டை உண்டாக்காது. இருக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. நுரை உறை கிடைக்காவிட்டால் பழைய கம்பளியைச் சுற்றி, அதன்மேல் பாலிதீன் தாளை இறுக்கிக் கட்டுங்கள். நனைந்த துணி சூட்டை இழுத்துவிடும் என்பதால் பாலிதீன் இல்லாமல் விடக்கூடாது. வளைவுகளையும் வால்வையும் மூடாமல் நேர்க்குழாயை மட்டும் சுற்றினால், குளிர் அந்த இடைவெளி வழியாகவே உள்ளே போய்விடும்.

குளிர் வருமுன், வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத கேட் வால்வு இறுகிப்போயிருக்கும். அவசரத்தில் பலம் கொடுத்தால் தண்டு முறியும். முழுதும் திறந்தபின் கால் திருகு பின்னுக்கு வைத்தால் அடுத்த முறை சிக்காது.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதானால் முதலில் கெய்சரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். தொட்டி காலியான பிறகும் மின்சாரம் இருந்தால் சூடேற்றும் கம்பிச்சுருள் கருகிவிடும். பிறகு மெயினை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து, தரைமட்டத்துக் குழாய் வழியாகத் தண்ணீரை வடித்துவிடுங்கள். கெய்சர் தொட்டியில் தேங்கிய நீர் இப்படி வடியாது. அதற்கு அடியில் தனி வடிகால் இருக்கும்.

குழாயில் தண்ணீர் வரவில்லையா? அந்தக் குழாயைத் திறந்தே வைத்து, அதன் பக்கத்திலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கி ஹேர் டிரையரை நகர்த்துங்கள். நடுவில் தொடங்கினால் உருகிய நீரும் நீராவியும் இரு அடைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். நெருப்பு காட்டவே கூடாது: பிளாஸ்டிக் இளகும், சுவருக்குள் இருக்கும் மரம் பற்றும். இன்னொன்று, பிளவு பெரும்பாலும் உருகும்போதுதான் தெரியவரும், அதுவரை பனிக்கட்டியே அடைத்து வைத்திருக்கும். உருக்கும் நேரத்தில் ஒருவர் மெயின் வால்வு அருகிலேயே நிற்கட்டும்.

குழாய் உடைந்தால் செலவோடு போகும். உயிரைப் பறிப்பது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிரோடு மின்சாரமும் போனபோது, குளிர் காய வீட்டுக்குள் கரி மூட்டியவர்களும், காரேஜில் காரை ஓடவிட்டவர்களும் இந்த வாயுவால் இறந்தார்கள். அதற்கு மணமோ நிறமோ கிடையாது. கரி அடுப்பு வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கூட. ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். கதவு திறந்த காரேஜ் வெளி இடமாகாது. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் காய்ச்சலோ என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரும் உடனே வெளியே வந்து, அங்கிருந்து அவசர உதவியை அழையுங்கள்.

படிக்கட்டில் படிந்த பனிக்கட்டிமேல் வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம். சற்று நேரத்தில் அது வழவழப்பான தகடாக மறுபடி உறையும். சாதாரண உப்பு ஏறத்தாழ மைனஸ் 9 டிகிரி வரை வேலை செய்யும். குளிர் அதற்கும் கீழே போனால் மணல் தூவுங்கள்; உருகாவிட்டாலும் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும்.